அச்சிட்ட சுவரும் கழற்றக்கூடிய மூட்டும்: கான்கிரீட்டில் பசுமை எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கட்டட ஆய்வு மையத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஓர் அறையை அச்சிட்டது. 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம். அச்சிட 13 மணி நேரம். கம்பி, கதவு, சன்னல் உள்ளிட்ட மற்ற வேலைகளையும் சேர்த்து அறை முழுமையாக முடிய 6 நாள். அச்சுக் கட்டுமானம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த 13 மணி நேரத்தைத்தான் பேசுகிறார்கள். கவனிக்க வேண்டியது மிச்சமுள்ள நாள்களை.

சுவர் எழும் வேகத்தை இயந்திரம் கூட்டும். ஆனால் ஒரு கட்டடம் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை என்பதற்கும் அந்த வேகத்துக்கும் தொடர்பு குறைவு. அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எத்தனை கிலோ சிமென்ட் போகிறது என்பது ஒன்று. 30, 40 ஆண்டு கழித்துக் கட்டடத்தைப் பிரிக்கும்போது பாகங்கள் முழுதாகக் கழன்று வருமா, உடைத்துத்தான் எடுக்க வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதை அச்சு இயந்திரம் குறைக்கலாம், கூட்டியும் விடலாம். இரண்டாவதில் இயந்திரத்துக்குப் பங்கே இல்லை. பாகங்கள் சேரும் மூட்டுகளை வரைகிற பொறியாளரின் கையில்தான் அது இருக்கிறது.

சிங்கப்பூருக்கு இந்த இரண்டும் மற்ற ஊர்களைவிட முக்கியம். மணல், ஜல்லி, சிமென்ட் எல்லாமே கப்பலில் வருபவை. 2007-ல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது சேமிப்பிலிருந்து மணலை எடுத்துக் கட்டுமானத் தளங்களுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கரைச் சுடும் உலை இங்கே இல்லை. அதனால் சிமென்ட்டின் கரியமில வாயுவில் பெரும்பகுதி வேறு நாட்டுக் காற்றில் கலக்கிறது. டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்து 2026-ல் 45 வெள்ளியான கரிம வரி, இங்கு உமிழும் பெரிய ஆலைகளுக்குத்தான். இறக்குமதியாகும் சிமென்ட் மூட்டையை அது நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே நம் கையில் இருக்கும் வழி, குறைவாகப் போடுவதும் போட்டதை நீண்ட நாள் பயன்படுத்துவதும்தான்.

கலவை நிற்பதும் சரிவதும்

அச்சிடும் கலவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். குழாய்க்குள் பம்ப் தள்ளும்போது ஓட வேண்டும். முனையை விட்டு வெளியே வந்த நொடியில் ஓடாமல் நிற்க வேண்டும். அடுத்த அடுக்கு மேலே படியும்போது அதோடு ஒட்டும் அளவுக்கு ஈரமாகவும் இருக்க வேண்டும். ஆலையில் கலந்து லாரியில் வரும் சாதாரண ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் 20 மி.மீ. ஜல்லி இருக்கும். அது முனையை அடைத்துவிடும் என்பதால் அச்சுக் கலவையில் பெரும்பாலும் 2 மி.மீ.க்கு உட்பட்ட மணல்தான். மணல் நுண்ணியதானால் அதன் மேற்பரப்பு கூடும். அதை மூடச் சிமென்ட் பசையும் கூடுதலாக வேண்டும். சாதாரண கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 300 முதல் 400 கிலோ பிணைப்பொருள் (சிமென்ட்டும் அதற்கு ஈடாகச் சேர்க்கும் தூள்களும்) போகிற இடத்தில், அச்சுக் கலவைக்கு 500 முதல் 800 கிலோ வரை போகிறது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு அச்சுக் கட்டடத்தைப் பசுமை என்று விற்பது சரியல்ல. இந்தக் கணக்கைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

கலவை ஏன் சரிகிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் தளத்தில் நடப்பது புரியும். ஈரக் கலவையின் எடை கன மீட்டருக்கு 2,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. தடிமனுள்ள ஓர் அடுக்கு தன் எடையில் வழியாமல் நிற்க சுமார் 0.19 கிலோபாஸ்கல் வலு போதும். ஆனால் ஒரு மீட்டர் உயரம் எழுந்தபின் அடியில் உள்ள அடுக்குக்கு 12.5 கிலோபாஸ்கல் வேண்டும். முனையிலிருந்து வந்த கலவைக்கு ஒன்றிரண்டு கிலோபாஸ்கல்தான் இருக்கும். மீதியை அது நின்ற இடத்திலேயே, நிமிடத்துக்கு நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சேர்க்கும் வேகத்தைவிடச் சுவர் எழும் வேகம் கூடினால் அடி அடுக்கு பிதுங்கும்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது: சின்னப் பொருள்தான் எளிதில் சரியும். முனை நொடிக்கு 100 மி.மீ. நகர்கிறது, அடுக்கு 15 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பூங்கா இருக்கை ஒன்றின் சுற்றுப்பாதை 4 மீட்டர் என்றால் 40 நொடிக்கு ஓர் அடுக்கு. 45 செ.மீ. உயரத்துக்கு 30 அடுக்கு, 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்குள் அடி அடுக்கு 5.6 கிலோபாஸ்கலுக்கு வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அறையை இதே வேகத்தில் இரட்டைச் சுவராக அச்சிட்டால் ஒரு சுற்றுக்கு 26 மீட்டருக்குச் சற்று அதிகம், நாலரை நிமிடம். 183 அடுக்குக்குச் சுமார் பதின்மூன்றரை மணி நேரம். இது நாம் போட்ட கணக்கு, வீவக-வின் இயந்திர அமைப்பு அல்ல. ஆனால் அந்த 13 மணி நேரம் எந்த அளவில் வருகிறது என்பதை இது காட்டும். இந்த வேகத்தில் சுவர் மணிக்கு 20 செ.மீ.தான் எழுகிறது, அடி அடுக்குக்கு இறுக நிறைய அவகாசம் கிடைக்கிறது. ஒரு முழு வீட்டை ஒரே முனையால் அச்சிட்டாலோ சுற்றுப்பாதை 120 மீட்டர் ஆகிவிடும். முனை திரும்பி வர 20 நிமிடம். அதற்குள் மேற்பரப்பு காய்ந்து, அடுத்த அடுக்கு ஒட்டாது. சின்னது சரிகிறது, பெரியது ஒட்டாமல் போகிறது. இரண்டுக்கும் ஒரே கலவை பொருந்தாது. இருக்கைக்கு முனையருகே இறுகு ஊக்கி சேர்க்க வேண்டும், வீட்டுக்கு இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்து வேண்டும், அல்லது வீட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து அச்சிட வேண்டும்.

மெல்லிய நீண்ட சுவர் வேறு விதமாக விழும். கலவைக்கு வலு போதுமானதாக இருக்கும், ஆனாலும் சுவர் பக்கவாட்டில் வளைந்து சாயும். நேராகப் போகும் 3 மீட்டர்ச் சுவரைவிட அலை அலையாக வளைத்து அச்சிட்ட சுவர் நிலையாக நிற்பதற்கு இதுதான் காரணம். அச்சுக் கட்டடங்களில் காணும் வளைவுகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல.

நம் வானிலையில் வேறு தொல்லைகளும் உண்டு. நண்பகலில் தகரக் கூரைக்கு அடியில் கிடக்கும் மணல் சூடேறிவிடும். கலவை சூடானால் இறுகும் நேரம் சுருங்கும். காலை எட்டு மணிக்குச் சரியாக ஓடிய அதே அளவு, மதியம் இரண்டு மணிக்குக் குழாயில் சிக்கும். மணலுக்கு நிழல், கலக்கும் நீரில் ஐஸ், ஒவ்வொரு கலவைக்கும் வெப்பமானி என்ற மூன்றையும் விட்டுவிட்டு மருந்தின் அளவை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்கள் குழாயை வெட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டி வரும். பம்ப் நின்றால் கலவையைக் குழாயில் விட்டுவைக்காமல் மறுசுழற்சியில் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உடனே கழுவிவிட வேண்டும். ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் வார்ப்புப் பலகை) இல்லாததால் சுவரின் இரண்டு முகமும் காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த ஊர் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் மணிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலையை எட்டலாம். அந்த அளவைத் தாண்டினால் இறுகுமுன்பே வெடிப்பு விடும் என்று பொறியாளர்கள் பொதுவாக எச்சரிக்கையாகிவிடுவார்கள். மாலை மழை வந்தாலோ மேல் அடுக்கின் பசை கழுவிப் போய் மணல் மட்டும் நிற்கும். அதன் மேல் அச்சிட்ட அடுக்கு ஒருநாளும் சரியாகப் பிடிக்காது. கூடாரம் இல்லாத தளத்தில் அச்சிடக் கூடாது.

சோதனைக்கு வார்த்த கனசதுரம் மட்டும் போதாது. அச்சிட்ட சுவரிலிருந்தே மூன்று திசைகளில் துண்டு வெட்டி நசுக்கிப் பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு இடையே இழுவிசைச் சோதனையும் செய்ய வேண்டும். மரத்தின் ரேகையைப் போல அச்சிட்ட கான்கிரீட்டுக்கும் திசை உண்டு. அடுக்கைப் பிளக்கும் திசையில் அது பலவீனமானது. வார்த்த மாதிரியின் எண்ணை வைத்துச் சுவரை மதிப்பிட்டால் கணக்கு தப்பும்.

ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எவ்வளவு சிமென்ட்?

இப்போது அந்தக் கணக்கு. 150 மி.மீ. தடிமனில் திடமாக வார்த்த சுவர், சதுர மீட்டருக்கு 0.15 கன மீட்டர். கன மீட்டருக்கு 350 கிலோ பிணைப்பொருள் என்றால் சுமார் 52 கிலோ. அச்சிட்ட இரட்டைச் சுவரில் 50 மி.மீ. தடிமனுள்ள இரண்டு ஓடுகள், நடுவே அவற்றைப் பிணைக்கும் கோணல்மாணலான கோடு. மொத்தம் 0.12 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 600 கிலோ கலவையில் 72 கிலோ ஆகிறது. கான்கிரீட்டின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும், பிணைப்பொருள் 20 கிலோ கூடிவிட்டது. இந்தச் சுவர் வார்த்த சுவரோடு சமமாக நிற்க வேண்டுமானால், கலவை 440 கிலோவுக்குள் வர வேண்டும், அல்லது ஓடுகள் 35 மி.மீ.க்கு மெலிய வேண்டும்.

பிணைப்பொருளில் பாதியை இரும்பு உலைக் கசடாக மாற்றினால் போர்ட்லண்ட் சிமென்ட் 36 கிலோவாக இறங்கும். பல விளம்பரங்கள் இந்த எண்ணை எடுத்துப் பழைய 52 கிலோவோடு ஒப்பிடுகின்றன. ஆனால் அதே கசடை வார்க்கும் சுவரிலும் பாதிக்குப் பாதி போடலாமே, அப்போது அங்கே 26 கிலோதான். ஒப்பிடுவதானால் ஒரே கசடை இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிட வேண்டும். கசடும் நிலக்கரிச் சாம்பலும் உலகில் அளவோடுதான் கிடைக்கின்றன. நீண்ட நாளைக்கு நம்பத் தகுந்தது சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் கலவை. களிமண் கலவையை நின்ற இடத்தில் விரைவாக இறுக வைக்கும். வார்ப்பவர்களுக்கு அது தொந்தரவு, அச்சிடுபவர்களுக்கு அதுதான் தேவை. அச்சுக் கலவையைப் பசுமையாக்க இதுவே நல்ல வழி என்று தோன்றுகிறது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட முறை வேறு திசையில் போகிறது. அச்சிடும்போதே கரியமில வாயுவையும் நீராவியையும் கலவைக்குள் செலுத்துகிறார்கள். வாயு கலவைக்குள் கனிமமாகிப் பூட்டப்படுகிறது. அழுத்த வலு 36.8 விழுக்காடும், வளைவு வலு 45.3 விழுக்காடு வரையும் கூடியதாக அவர்கள் அறிவித்தார்கள். வலு கூடினால் சுவரின் ஓடுகளை மெலிதாக்கலாம் என்பதுதான் இதில் உண்மையான ஆதாயம். பூட்டப்படும் வாயுவைவிட, போடாமல் விட்ட சிமென்ட் பெரிது.

ஷட்டரிங் மிச்சமாகிறது என்ற வாதத்தையும் இடம் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். நாற்பது மாடிக் கட்டடத்தில் ஒரே அலுமினியப் பலகைகளை மாடிக்கு மாடி ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். பாகங்களை முன்கூட்டியே வார்த்து அனுப்பும் ப்ரீகாஸ்ட் தொழிற்சாலையில் ஓர் எஃகு அச்சில் நூற்றுக்கணக்கான சுவர்கள் பிறக்கின்றன. வீவக 1980-களின் தொடக்கத்திலிருந்தே இந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. தட்டையான, ஒரே அளவுள்ள சுவரில் அச்சு இயந்திரம் இதை வெல்லாது. ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு ஆழம் என்றால்தான் அச்சு பயனுள்ளது: வளைந்த முகப்பு, இருக்கை, பூத்தொட்டி, ஒவ்வோர் இடத்திலும் ஆழம் மாறும் கழிவுநீர்த் தொட்டி. தெங்கா, பிடாடாரி பிடிஓ (முன்பதிவுக்குப் பின் கட்டும் வீடுகள்) திட்டங்களில் முதலில் இருக்கைகள், அலங்கார அமைப்புகள் போன்றவற்றை அச்சிட வீவக முன்வந்தது சரியான தேர்வு. சென்னை ஐஐடி வளாகத்தில் 2021-ல் திறக்கப்பட்ட 600 சதுர அடி வீட்டைப் போலத் தரைத்தள வீடுகளும் ஒரு களம்தான். ஆனால் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை?

பிறகு, கம்பி. முனை ஓடும் பாதையில் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு இடமில்லை. சுவரின் உள்ளே பொந்து விட்டு, கம்பிக் கூட்டை இறக்கி, சாதாரண கான்கிரீட் ஊற்றுவதுதான் இன்றைய நடைமுறை. 2015 முதல் சிங்கப்பூர் பின்பற்றும் ஐரோப்பிய விதிமுறையில் அச்சிட்ட சுவருக்கென்று தனிக் கணக்கு இல்லாததால், அச்சிட்ட ஓடுகளைக் கழற்றாத ஷட்டரிங்காகக் கருதி, சுமை முழுவதையும் உள்ளே ஊற்றிய தூணுக்குக் கொடுப்பதே எளிதான வழி. அப்படிச் செய்தால் ஓடுகளின் சிமென்ட் சுமை தாங்காமல் சும்மா நிற்கிறது. பொந்தில் நுரைப் பஞ்சு நிரப்புவதையும் இங்கே தவிர்க்க வேண்டும். குளிர்நாட்டில் அதற்கு வேலை உண்டு. இங்கே அது பிற்காலத்தில் நொறுக்கும் இயந்திரத்தில் கலந்து ஜல்லியைக் கெடுக்கும்.

மூட்டு எங்கே, எப்படி?

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி கட்டுமான, இடிப்புக் கழிவில் 99 விழுக்காடு மறுசுழற்சியாகிறது. எண் உண்மைதான். ஆனால் அதில் கான்கிரீட் பெரும்பாலும் நொறுங்கிச் சாலைக்கு அடியில் போகிறது. கிராஞ்சி வட்டாரத்தில் 2010-ல் எழுந்த சாம்வோ பசுமைக் கட்டடம், இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியை 100 விழுக்காடு வரை போட்டுத் தூணும் உத்தரமும் கட்ட முடியும் என்று காட்டியது. அப்போதும்கூட புதுச் சிமென்ட் வேண்டும். சுட்ட சிமென்ட்டின் ஆற்றலை நொறுக்கும் இயந்திரம் திருப்பித் தராது. சுவரைச் சுவராகவே, உத்தரத்தை உத்தரமாகவே எடுத்தால் மட்டும்தான் அது மிஞ்சும்.

தொழிற்சாலையில் செய்து வந்த பாகம் என்றால் கழற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முழு அறையாகச் செய்து அடுக்கும் முறையில் கிளெமென்டி வட்டாரத்தின் கிளெமென்ட் கனோப்பி, 1,866 அறைக்கூடுகளை அடுக்கி 40 மாடியாக 2019-ல் முடிந்தது. அந்தக் கூடுகள் லாரியில் வந்தவை. ஆனால் கான்கிரீட் கூடுகளை அடுக்கும் முறையில், பக்கத்துப் பக்கம் நிற்கும் இரண்டு கூடுகளின் சுவர்களுக்கு நடுவே கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பு) ஊற்றி ஒரே சுவராக்கிவிடுகிறார்கள். ப்ரீகாஸ்ட் தூண்களை இணைக்கும் கம்பி உறைகளிலும் கடினமான கிரவுட்தான். தரைப் பலகைகளின் மேல் 70 மி.மீ. அளவில் புதுக் கான்கிரீட் ஊற்றி அனைத்தையும் ஒன்றாக்குகிறார்கள். பாகங்களாக வந்தது, நின்றபின் ஒரே பாறையாகிவிடுகிறது. வைரக் கம்பி வாளால் வெட்டி எடுக்கலாம். ஆனால் வெட்டிய முனையில் கம்பியின் நங்கூரம் போய்விடும். அந்தப் பலகை இனிமேல் குறைந்த நீளத்தில், இரு முனையிலும் சும்மா உட்கார்ந்துதான் வேலை செய்யும்.

இப்படிக் கிரவுட்டும் கான்கிரீட்டும் ஊற்றிப் பிணைக்கும் ஈர மூட்டு முறையைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அது வந்த காரணம் உயிர்ச்சேதம். 1968-ல் லண்டனின் ரோனன் பாயின்ட்டில் ஒரு சமையலறை எரிவாயு வெடிப்பு, ப்ரீகாஸ்ட் பலகைகளால் கட்டிய 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலையை மேலிருந்து கீழ்வரை சரியவைத்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் எந்தப் பலகையும் தனியாக விழாதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுக் கம்பி வேண்டும் என்று விதி வந்தது. சிங்கப்பூரில் 1986-ல் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்ததும், 1989-ன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வடிவமைப்பைச் சுதந்திரமான இன்னொரு பொறியாளரும் சரிபார்க்க வேண்டும் என்றது. கழற்றக்கூடிய மூட்டு வேண்டுவோர் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதையும் ஊற்றாமல் சேர்க்கும் உலர் மூட்டும் அதே கட்டுக் கம்பி விதியை நிறைவேற்ற வேண்டும், போல்ட்டால்.

செயலில் அது எப்படி இருக்கும்? தூணின் அடியில் நான்கு எஃகுக் காலணிகள், அடித்தளத்தில் நான்கு நங்கூரப் போல்ட்டுகள். உத்தரம், தூணிலிருந்து நீளும் கைத்தாங்கியில் 10 மி.மீ. ரப்பர்த் தகட்டின் மேல் உட்காருகிறது. அதைத் துளைத்து நிற்கும் ஊசிக் கம்பிக்குக் கம்பியைவிடப் பெரிய துளை. அந்தத் துளையில் பிற்காலத்தில் குடைந்து எடுக்கக்கூடிய வலுக்குறைந்த கலவையை நிரப்ப வேண்டும், கடின கிரவுட்டை அல்ல. தரைப் பலகைகளின் மேல் கான்கிரீட் ஊற்றாமல் பக்கத்துப் பலகைகளைத் தகடும் போல்ட்டும் கொண்டு பிணைக்கிறார்கள். தளத்தில் 10 மி.மீ. முன்பின் வருவது இயல்பு என்பதால் தகட்டில் நீள்துளை இருக்க வேண்டும். போல்ட்டுக்குத் தீக்காப்பும் துருக்காப்பும் வேண்டும், ஆனால் அது திறந்து மூடக்கூடிய மூடியாக இருக்க வேண்டும். சேரும் இடத்தை முழுவதும் கிரவுட்டால் மூடிவிட்டால் போல்ட் போட்டதன் பயனே போய்விட்டது. தளத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். வரைபடத்தில் போல்ட் மூட்டு, கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் பாதுகாப்புக்கு என்று பள்ளத்தை நிரப்பிவிடுவார். வரைபடத்திலேயே அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நிரப்பக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டும்.

அச்சிட்ட பாகத்துக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று. அதன் முகம் அடுக்கடுக்காகச் சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இரண்டு கரடுமுரடான முகங்கள் சேர்ந்தால் சுமை சில புள்ளிகளில் குவிந்து விளிம்பு உடையும். மூட்டு வரும் பகுதியை அச்சிடாமல், எஃகு அச்சில் வார்த்துச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. நடுப்பகுதி அச்சு, முனைகள் வார்ப்பு.

கம்பியே இல்லாமல், பசையும் இல்லாமல் அச்சிட்ட கற்களை நிறுத்தலாம் என்பதையும் பார்த்தாயிற்று. 2021-ல் வெனிஸில் சூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தினரும் ஜஹா ஹதீத் நிறுவனத்தினரும் காட்டிய ஸ்ட்ரையேட்டஸ் நடைபாலத்தில் 53 அச்சிட்ட கற்கள் வளைவாக ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி நின்றன. கோயில் கோபுரத்தின் அடித்தளக் கற்களைப் போல, எடையே பிணைப்பு. கண்காட்சி முடிந்ததும் கழற்றினார்கள். அடுக்குகளை அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்கே அமைத்ததால், அச்சின் பலவீனமான திசையே அங்கே வேலை செய்யவில்லை. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தினர், ஒரு கட்டடத்தின் சுவரிலிருந்து வெட்டி எடுத்த 25 கான்கிரீட் கட்டிகளைக் கோத்து, முறுக்கிய கம்பியால் இறுக்கி, 10 மீட்டர் நடைபாலம் அமைத்தார்கள். கழற்றுவதற்கு என்று வடிவமைக்காத கான்கிரீட்டையும் மறுபயன்படுத்தலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் இரண்டுமே அழுத்தத்தில் நிற்கும் வளைவுகள் என்பதை மறக்கக் கூடாது. அடுக்குமாடியில் அப்படி வளைத்துக்கொள்ள இடமில்லை.

சிங்கப்பூரில் எங்கிருந்து தொடங்குவது?

உயரமான வீவக அடுக்குமாடியிலிருந்து அல்ல. அதில் கழற்றல் எளிதில் நடக்காது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து புது வீடுகளில் வரும் வீட்டுப் பதுங்கு அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழிருந்து மேல்வரை தொடர்ச்சியாக நிற்கின்றன. அவற்றின் தடித்த சுவர்களில் போல்ட் மூட்டுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அதோடு 99 ஆண்டுக் குத்தகை, பாகத்தின் ஆயுளுக்கு ஏற்கெனவே நீண்ட காலம்.

சரியான இடம் தொழிற்பேட்டை. 2012 முதல் அரசு விற்கும் தொழில்துறை நிலங்களுக்கு அதிகபட்சம் 30 ஆண்டுக் குத்தகை. சாதாரணக் கட்டடத்தையோ விதிமுறை 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கச் சொல்கிறது. 20 ஆண்டு ஆயுள் மிச்சமிருக்கும் தூணையும் உத்தரத்தையும் உடைத்துத்தான் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒற்றை மாடி, இரட்டை மாடித் தொழிற்சாலைகளில் தூண் இடைவெளியும் பெரும்பாலும் சீரானது. போல்ட் மூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை. அடுத்தது தற்காலிகக் கட்டடங்கள். 2020-ல் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இரண்டு, மூன்று ஆண்டுக்கென்று தொகுதி தொகுதியாக எழுப்பிய விரைவுத் தங்குவிடுதிகள், குறுகிய காலக் கட்டடத்துக்கு இங்கே தேவை எவ்வளவு பெரியது என்று காட்டின. தனியார் அடுக்குமாடிகளிலும் ஆயுள் முடியுமுன்பே இடிப்பு வந்துவிடுகிறது. 1976-ல் முடிந்த பேர்ல் பேங்க் 2018-ல் கூட்டாக விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது.

உண்மையான தடை பொறியியலில் இல்லை, கிடங்கில் இருக்கிறது. கழற்றும் தேதியும் அடுத்த கட்டடம் தொடங்கும் தேதியும் ஒத்துவராது. 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 150 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகை ஐந்து டன்னுக்கு மேல். நூறு பலகைகளை ஓராண்டு வைத்திருக்க இடமும், அதன் வாடகையும், மேலே ஏற்ற இறக்க கிரேனும் வேண்டும். லாரியில் ஏற்றியபின் மொத்த உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதி வேறு. இடிப்புத் திட்டத்தையும் கட்டுமானத் திட்டத்தையும் முன்கூட்டியே இணைக்கும் உரிமையாளர், அதாவது பல கட்டடங்களை ஒரே கையில் வைத்திருக்கும் அரசு அமைப்போ தொழிற்பேட்டை நிறுவனமோதான் இதை முதலில் செய்ய முடியும். தனி ஒருவரின் வீட்டில் இந்தக் கணக்கு தேறாது.

பாகத்தை இரண்டாம் முறை நிறுத்துமுன் பொறியாளர் கேட்பவை அதிகமில்லை. கம்பி எங்கே ஓடுகிறது, அதன்மேல் கான்கிரீட் எத்தனை மில்லிமீட்டர், காற்றின் கரியமில வாயு எவ்வளவு ஆழம் நுழைந்திருக்கிறது, கடலோரமாக இருந்ததானால் உப்பு எவ்வளவு, வார்த்தபோது வலு என்ன. ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்துப் பார்ப்பது சில நிமிட வேலை: நிறம் மாறாத பகுதி கம்பியை எட்டிவிட்டால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிட வேண்டும். கம்பியின் அளவையும் இடத்தையும் ஸ்கேன் செய்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனால் அச்சிட்ட பாகத்தில் எந்த அடுக்கில் பம்ப் நின்றது, எந்த இடத்தில் இடைவெளி விழுந்தது என்பதை எந்த ஸ்கேனும் பிற்காலத்தில் சொல்லாது. அச்சு இயந்திரம் அதை அன்றே பதிவு செய்கிறது. முனையின் வேகம், பம்பின் அழுத்தம், கலவையின் வெப்பம், நின்ற நேரம் எல்லாம் அதன் கோப்பில் உண்டு. அச்சுக்கு வார்ப்பை விட உண்மையிலேயே ஓர் அனுகூலம் உண்டென்றால் அது இந்தப் பதிவுதான். ஆனால் திட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பை ஒப்பந்தக்காரரின் கணினியிலேயே விட்டுவிட்டால் அதுவும் பயன்படாது. கட்டட உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களில் அதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

தூக்கும் நங்கூரத்தையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். பாகத்தை நிறுத்தியபின் அந்தக் குழியைச் சிமென்ட் பூசி மூடுவது வழக்கம். அதற்குப் பதிலாக ரப்பர் மூடி போதும். நங்கூரத்துக்குப் பக்கத்தில் கையகல அளவில் ஒரு துருப்பிடிக்காத தகடு, அதில் பாகத்தின் எண், எடை, வலு, வார்த்த தேதி, போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு. முப்பது ஆண்டு கழித்துக் கழற்ற வருபவர் முதலில் தேடப்போவது அந்தத் தகட்டைத்தான். வண்ணம் பூசும்போது அதன் மேல் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.